கோமளத்துக்கு வந்த பதில்

திங்கட்கிழமை காலை சுங்கை பட்டாணி பாசாரில் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கோமளவல்லியின் படம். பூக்கடை வாசலில் சிரித்தபடி நிற்கிறாள். அதன் கீழே அனுதாபச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என் சாவுக்கு இத்தனை பேர் எழுதுவார்களா என்றுதான் தோன்றியது.

பதினாறாம் நாளன்று வாசிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். அவளை நெருக்கமாக அறிந்தவள் நான்தானாம். நெருக்கம் என்றால் நெருக்கம்தான். வயிறு எரிகிறவருக்குத்தானே பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சரியாகத் தெரியும்.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் என் அப்பா கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆபிஸ் உத்தியோகம், தனி வீடு. கோமளத்தின் அம்மா அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகளுக்கு அரசாங்கத்திடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் அப்பாவிடம்தான் வந்து நிற்பார்கள். அவருக்குப் பிறகு என்னிடம் வந்தார்கள். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவள் நான். என் மலாய்க் கடிதத்தில் ஒரு குறை காட்ட முடியாது. மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் பூக்கடைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஒருத்தி அந்த இடத்துக்கு வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

தோட்டம் கைமாறியது. புதிதாக வந்த நிறுவனம் இடுகாட்டுக்குப் போகும் வழியில் கதவு போட்டுப் பூட்டியது. அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு நில அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். 'புதுக்காட்டு இடுகாடு' என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். பதில் இல்லை. கோமளம் அந்தக் கடிதங்களை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, நீங்க எழுதுற மலாய் பெரிய மனுசங்க மலாய் லா. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு படிச்சிட்டு பயந்துரும். அதோட, புதுக்காடுன்னு நம்மதான் சொல்றோம். அவங்க ஃபைல்ல புதுக்காடு எங்க இருக்கு? அங்க நம்பர்தான் இருக்கும்."

அப்பா காலத்திலிருந்து நாங்கள் வாயால் சொல்லிவந்த பெயரை அரசாங்கமும் அறிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். கிராணி வீட்டுப் பிள்ளை செய்கிற தப்பா இது? அவள் வேலியோரமாகப் புல்லை விலக்கிக்கொண்டு நடந்து, எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, அதிலிருந்த எண்ணைப் படம் எடுத்து வந்தாள். அதை நில அலுவலகத்தில் காட்டி, அந்த வாரமே அந்த நிலத்தின் லாட் எண்ணைத் தெரிந்துகொண்டாள். சங்கக் கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். உள்ளங்கை வலித்ததுதான் மிச்சம்.

அவள் வேலை செய்கிற முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போவாள். ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரைச் சாப் குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகரமாட்டாள். அங்கிருப்பவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வாள். "பேரு தெரிஞ்சிட்டா அப்புறம் ஓடி ஒளிய முடியாது அக்கா" என்பாள். அடுத்த முறை போகும்போது அவர்களுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பாள். எனக்கு அதெல்லாம் வராது. வராததை மட்டம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சங்கத்தின் கருத்தை எழுதி அனுப்புவதற்காக ஒரு கூட்டம் போட்டோம். கோமளம் எழுந்தாள்.

"ஃபாரத்தை போன்லயே போட வழி வேணும். தஞ்சோங் டாவாய்ல மீன் பிடிக்கிறவரு ஒரு கேள்வி கேக்க ஒரு நாள் கடலை விடணுமா? யான் பக்கத்துல நடவு நேரத்துல வயலை விட்டுட்டு கவுண்டர்ல போயி எப்படி நிப்பாங்க? எனக்குக் கெடைக்குது, ஏன்னா எனக்கு வாய் இருக்கு. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்றோம். வாயில்லாத புள்ள சாகணுமா? போன்ல போட்டா ஒரு நம்பர் வரும். அந்த நம்பர்தான் சாப். யாரு மூஞ்சியையும் பாக்க வேணாம்."

கவுண்டரில் ராணியாக இருந்தவளே கவுண்டர் வேண்டாம் என்கிறாள். அந்தப் பெருந்தன்மையை என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுந்து, வயதானவர்களுக்குக் கைப்பேசி பழக்கமில்லை, கைப்பட எழுதும் கடிதத்துக்கு ஒரு மரியாதை உண்டு, அதையெல்லாம் இயந்திரத்திடம் கொடுக்கக் கூடாது என்று பேசினேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. கைப்பேசியும் இருக்கட்டும், கடிதமும் இருக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தெரியாதா? எல்லாரும் வீட்டிலிருந்தே கேட்டுக்கொண்டால் என் வாசலுக்கு யார் வருவார்கள் என்ற பயம்தான். செயலாளர் என்ற முறையில் கருத்துத்தாளை எழுதியவள் நான். கோமளம் சொன்ன வரியை அதில் சேர்க்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லா பேசினீங்க அக்கா. ஆனா உங்களுக்காகப் பேசிக்கிட்டீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. திங்கள், புதன், வெள்ளி ரத்தச் சுத்திகரிப்பு. மற்ற நாட்களில் எழுந்து நடக்கவே தெம்பில்லை. மகள் மீனாவுக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமை மட்டும்தான் வந்துபோவாள். எங்கள் பக்கம் அன்று அலுவலகம் கிடையாது. கோமளத்துக்கு ஒரே ஓர் ஆசை மிஞ்சியிருந்தது. அவள் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவளையும் புதைக்க வேண்டும். லாட் எண் மட்டும் போதாது, அது இடுகாட்டு நிலம்தான் என்று அரசாங்கக் கடிதம் காட்டினால் கதவைத் திறந்துவிடுவதாக நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்துக்கு மனுதாரர் நில அலுவலகக் கவுண்டருக்கு நேரில் வர வேண்டும். முடியாவிட்டால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு வேறொருவர் வரலாம்.

சுத்திகரிப்புப் படுக்கையிலிருந்து என்னை அழைத்தாள். "அக்கா, இங்க நாலு மணி நேரம் சும்மாதான் படுத்திருக்கேன். ஒரு கை சும்மாதான் இருக்கு, அதுல போனும் இருக்கு. ஆனா ஃபாரத்துக்கு மட்டும் கால் வேணும்னு சொல்றாங்க. எனக்காகப் போயிட்டு வர்றீங்களா? செவ்வாய்க்கெழம போங்க, கூட்டம் கம்மி."

அவள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ, முதல் செவ்வாய் முழங்கால் வலி என்றேன். அடுத்த செவ்வாய் தங்கை வீட்டில் விசேஷம் என்றேன். வலியும் இல்லை, விசேஷமும் இல்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். மூன்றாவது செவ்வாய் போய் மனுவைக் கொடுத்து, அவள் சொன்னபடியே சாப் வாங்கி வந்தேன். இரண்டு வாரத்தில் தபாலில் பதில் வரும் என்றார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போனா நடக்கும்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டாள். கடிதம் இல்லை, கதவு திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டவுன் மின்சுடலையில் எரித்தோம். வெள்ளிக்கிழமை மீனா தஞ்சோங் டாவாய் முகத்துவாரத்தில் அஸ்தியைக் கரைத்தாள். அம்மா மண்ணுக்குத்தான் போகணும்னு சொன்னாங்க என்று படகில் அழுதுகொண்டே இருந்தாள்.

அதற்கடுத்த செவ்வாய் மீனா ஓர் உறையோடு என் வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, அம்மா பேருக்கு வந்திருக்கு." படித்தேன். அந்த லாட் இந்துக்களின் இடுகாடாக ஒதுக்கப்பட்ட நிலம், தோட்ட விற்பனையில் சேராது என்று இருந்தது. சொன்னபடி சரியாக இரண்டு வாரம். இத்தனை வருடத்தில் என் கடிதங்களுக்கு வராத பதில், செத்த பிறகும் அவளைத் தேடி வந்திருக்கிறது. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன பொறாமைதான் எனக்கு முதலில் வந்தது. அது முடிந்த பிறகுதான் நாட்களை எண்ணினேன். முதல் செவ்வாயே நான் போயிருந்தால் இந்தக் கடிதம் அவள் உயிரோடு இருக்கும்போதே, சாவதற்கு ஆறு நாள் முன்னதாக, அவள் கைக்கு வந்திருக்கும். படுக்கையிலிருந்தே அவள் கைப்பேசியில் கேட்க முடிந்திருந்தால் நான் தேவையே பட்டிருக்கமாட்டேன்.

கருத்துத்தாளில் நான் விட்ட வரியை முதல் வரியாக வைத்து, அவள் பெயரைப் போட்டு மறுபடி அனுப்பிவிட்டேன். கோமளத்தின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். சேலையை மீனா வைத்துக்கொண்டாள், பொன்னாடையைச் சங்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை இரண்டு செவ்வாய்க்கிழமைகள். மீனாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. இப்போது அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.