வெள்ளரிக்காய்க்குக் குளிரக் கூடாது

கனடாவில், பிறம்ரன் நகரில் ஒரு வேர்ஹவுஸ் முற்றத்தில் நிற்கிறேன். மூக்கு நுனி விறைக்கிற குளிர். தம்பி யூட் அமெரிக்க எல்லை தாண்டி ட்ரக் நிறைய வெள்ளரிக்காய் கொண்டுவந்திருக்கிறான். காலையில் வந்தவனை மத்தியானமாகியும் சரக்கு இறக்கக் கூப்பிடவில்லை. அவனுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்க வந்தேன்.

சாரதி இருக்கையில் ஜாக்கெட்டுக்கு மேல் போர்வையையும் சுற்றிக்கொண்டு குந்தியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் சரக்குப் பெட்டியில் ஒரு இயந்திரம் உறுமுகிறது.

"உது ஏன்ரா ஓடுது?"

"வெள்ளரிக்காய் விறைச்சால் பழுதாப்போம் அக்கா. உள்ளுக்கு ஹீற்றர் போட்டிருக்கு."

"உனக்கு?"

"இஞ்சை நிக்கேக்கை ட்ரக் எஞ்சினை ஓடவிடக் கூடாதாம். புகையாம்."

வெள்ளரிக்காயின் இயந்திரமும் புகைதான் கக்குகிறது. அந்தப் புகைக்கு அனுமதி உண்டு.

வரும் வழியில் தமிழ் வானொலியில் ஒருவர், எல்லை தாண்டிய வர்த்தகம் வளர்கிறது என்று புளகாங்கிதப்பட்டுக்கொண்டிருந்தார். வளரட்டும். அதை ஓட்டிவருகிறவன் ஏன் விறைக்க வேண்டும்? உள்ளே போய்க் கேட்கத் திரும்புகிறேன். யூட் எட்டிக் கையைப் பிடிக்கிறான்.

"வேண்டாம் அக்கா. கேட்டால் பிறகு லோட் தரமாட்டாங்கள்."

அப்போது வேர்ஹவுஸ் கதவு திறக்கிறது. தடித்த கோட் போட்ட ஒருவர் எங்களை நோக்கி வருகிறார். கூப்பிடத்தான் வருகிறார் என்று யூட் போர்வையை விலக்குகிறான். அவர் எங்களைக் கடந்துபோய், சரக்குப் பெட்டியில் ஒளிரும் வெப்பநிலை எண்ணை அண்ணாந்து பார்க்கிறார். திருப்தியாகத் தலையாட்டுகிறார். வந்த வழியே திரும்பிப்போய்க் கதவைச் சாத்துகிறார்.

யூட் போர்வையை மறுபடி இழுத்துப் போர்த்துகிறான்.