வெள்ளத்துக்கு வழி

மலாயாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வெள்ளம் எங்கள் லயத்து வாசலைத் தொட்டது. வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் வரும். மண் வேலை எடுத்திருந்த சீனக் குத்தகைக்காரருக்கு மலாய்தான். நடுவில் பேச்சை மாற்றிச் சொல்ல நான்.

“தண்ணிய அடக்கணும். அதுக்குத்தான் மனுஷனுக்கு மூளை. கரையை உசத்து!” என்றார் துரை.

“தண்ணிகிட்ட மல்லுக்கு நிக்காதே லா, பள்ளத்துப் பக்கம் வழி விடு” என்றார் சீனர்.

துரை சொன்னபடி நாள் முழுக்க மண் சுமந்தோம். சாயங்காலம் கரை உடைந்தது.

“சரி, பள்ளத்துப் பக்கமே வாய்க்கால் வெட்டு” என்றார் துரை.

பள்ளத்தில் எங்கள் முனீஸ்வரர் கல் இருந்தது. சீனர் ஊதுபத்தி கொளுத்தி, “தாத்தோ, கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று தங்கள் காவல் தெய்வத்தை அழைப்பதுபோல் கும்பிட்டார்.

“கல்லுகிட்டயா உத்தரவு கேக்கிறான்?” என்றார் துரை.

நாள் முழுக்க மண் சுமந்த தோளிலேயே கல்லைத் தூக்கி வந்து எங்கள் அடுப்படியில் வைத்தேன். வாய்க்கால் வெட்டியதும் வாசல் தண்ணீர் வடிந்தது.

அப்பனே, அன்றைக்கு நீயும் கனத்தாய்.