நான் பார்க்காத பல்கலைக்கழகமும் அம்மா வைத்த மஞ்சளும்

அயர்லாந்தில், கார்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. டீ இடைவேளையில் உடன் வேலை பார்த்த ஃபியோனா ஒருநாள், "உன் பல்கலைக்கழகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவள் மனதில் புல்வெளியும் மணிக்கூண்டும் ஓடியிருக்க வேண்டும். "தெரியாது, நான் அதைப் பார்த்ததே இல்லை" என்றேன். "ஐயோ பாவம், ஆன்லைனில் படித்தாயா?" என்று இரக்கப்பட்டாள். "இல்லை, நான்கு வருடமும் நேரில்தான் படித்தேன்" என்றேன். அன்றிலிருந்து நான் யாருக்காவது ரத்த அழுத்தம் பார்த்தால் அவளும் பின்னாலேயே வந்து இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போவாள்.

நம்மூரில் நர்ஸிங் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. என் கல்லூரி பெரம்பலூருக்கு வெளியே, ஹைவே ஓரத்து மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில். பல்கலைக்கழகமோ சென்னையில். ஒரு காலத்தில் மருத்துவம் படித்தவர்கள், வரலாறும் வணிகவியலும் படித்தவர்களோடு ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்களாம். பிறகுதான் டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், மருந்தாளர், சித்த வைத்தியர் எல்லாரையும் சேர்த்து மாநிலத்துக்கே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் வந்தது. எங்கள் கண்ணுக்கு அது ஹால் டிக்கெட்டாகவும், சீல் வைத்த கேள்வித்தாள் கட்டாகவும், அவ்வப்போது இன்ஸ்பெக்‌ஷனாகவும் மட்டுமே தரிசனம் தந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் பூந்தொட்டிகள் லாரியில் வந்து இறங்கும், சாயங்காலம் அதே லாரியில் ஏறிப் போகும். ஒரு வருடம் லேபில் இருந்த எலும்புக்கூட்டைக் குளிப்பாட்டித் துவட்டிவிட்டவள் நான்தான்.

கேலி பேசினாலும் நன்றி மறந்தவள் இல்லை. வாலிகண்டபுரத்தில் சின்ன வெங்காயம் போடுகிறவரின் மகளான எனக்கும் சென்னையில் ஒரு டாக்டரின் மகளுக்கும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே கேள்வித்தாளைப் பிரித்துக் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம். அரியலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகிய கைகளுக்கு வெளிநாட்டில் மதிப்பு கிடைப்பதும் அதன் பெயர் பட்டத்தில் இருப்பதால்தான். ஆனால் அந்த மதிப்பை இங்கே நிரூபிக்க ஒரு கவர் வேண்டும்.

என் மதிப்பெண் விவரங்களைப் பல்கலைக்கழகம் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தின் மேல் சீல் குத்தித் தர வேண்டும். இங்குள்ள நர்ஸ் பதிவு அலுவலகம் மட்டுமே அதைப் பிரிக்கலாம். அது வரும்வரை நான் நர்ஸ் இல்லை, வெறும் உதவியாளர். எட்டு வருடம் ஊசி போட்டவளுக்கு, இங்கே ஒரு தாத்தாவுக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்கக்கூட அனுமதி இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கென்று நர்ஸ் வேலை ஒன்றை நவம்பர் கடைசிவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் பதிவு ஆகாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

அப்பா ஆகஸ்டில் சென்னைக்குப் போய் கவரை வாங்கினார். பஸ்ஸில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஊர் திரும்பினாராம். அப்படியே கூரியரில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகையே நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் வெளியே போகாது, மகளின் தலையெழுத்தே அடங்கிய கவர் போய்விடுமா? அம்மா மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் வைத்தாள். வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குக் கொண்டுபோய் சாமி காலடியில் வைத்து எடுத்தார்கள். அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருமழபாடி. அந்த ஊர் சாமியிடமும் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதமாம், கூரியர் கடை மூடிவிடும் என்று சொல்லி அப்பா தப்பித்திருக்கிறார்.

செப்டம்பரில் பதிவு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் போன் செய்தார்.

"கவரில் மஞ்சள் கறை இருக்கிறது. என்ன அது?"

"டர்மெரிக்."

"சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்களா?"

"இல்லை, கோயிலில் வைத்திருந்தோம். கடவுளின் காலடியில்."

கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. "அப்படியென்றால் இடையில் மூன்றாம் நபர் ஒருவரிடம் இருந்திருக்கிறது" என்றார்.

வாலிகண்டபுரத்து ஈஸ்வரனை மூன்றாம் நபர் ஆக்கிய பாவம் யாரைச் சேரும் என்று தெரியவில்லை. கவர் பிரிக்கப்படாமலேயே எனக்குத் திரும்பி வந்தது. சிரிக்கத்தான் நினைத்தேன், குளியலறையில் போய் அழுதேன். பிறகு ஊருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "தப்புதாங்கண்ணு, நல்லா இருக்கணும்னுதான் வச்சேன்" என்று அம்மா சொன்னது மூன்று நாள் காதிலேயே நின்றது.

அப்பா மறுபடி சென்னைக்குப் போனார். இந்த முறை கவரைப் பல்கலைக்கழகமே நேராக இங்கு அனுப்பும்படி ஏற்பாடு. அக்டோபர் கடைசியில், பதிவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் என் கணக்கைத் திறந்தேன். வந்த கவரின் படத்தைப் போட்டிருந்தார்கள். ஊதா நிற சீலுக்குள் மஞ்சளாக ஒரு தீற்று. உடனே ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, மறுபடியும் மஞ்சளா?"

"சத்தியமா நான் தொடல பாப்பா! கவர என் கண்ணுலயே காட்டல. எழுதிக் குடுத்துட்டு, கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டு வந்துட்டேன்."

"பின்ன எப்படி வந்துச்சு?"

"ஆயுத பூஜை லீவு முடிஞ்சு அன்னிக்குத்தான் ஆபீஸ் தொறந்தாங்க. பீரோ, கம்ப்யூட்டர், சீல் கட்டைன்னு ஒண்ணு பாக்கி இல்லாம சந்தனம் வச்சிருந்தாங்க. அதுல ஒட்டியிருக்கும்."

பக்கத்திலிருந்து அம்மா, "நாம வெக்கலன்னாலும் அவங்களே வச்சுட்டாங்க பாருங்க" என்று சந்தோஷமாகச் சொல்வது கேட்டது.

மறுநாள் அதே அம்மையார் போன் செய்தார். சீல் உடையவில்லை, நேராகப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வந்திருக்கிறது, எல்லாம் சரி. "சீலில் அந்த மஞ்சள் மட்டும் என்ன?" என்றார். "அது பல்கலைக்கழகமே வைத்தது" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. "ஓ, அதிகாரபூர்வமானதா" என்று டிக் அடித்துவிட்டார்.

நவம்பர் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நர்ஸாக வார்டுக்குள் நுழைந்தேன். முதல் நாள் ஒரு பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன், பின்னாலேயே வந்து சரிபார்க்க யாரும் இல்லை.

திரும்பி வந்த முதல் கவர் என் மேசை டிராயரில் இருக்கிறது. நடுவில் பல்கலைக்கழகத்தின் சீல், மூலைகளில் அம்மாவின் விரல் ரேகை. இந்த நாட்டுக்கு அது வேண்டாம், அந்த ஊருக்கு இனி அது தேவையில்லை. பிரித்தால் வெறும் தாள் ஆகிவிடும் என்று நானும் இன்றுவரை பிரிக்கவில்லை. என்னைப் பற்றி எழுதி ஒட்டப்பட்ட அந்தக் கவரைப் பிரிக்கும் அதிகாரம் எனக்கே கிடையாது.