ஷிரின் ஆகா பார்க்காத பக்கம்

காபூலில் ஷிரின் ஆகாவுக்கு வாழ்க்கையில் இரண்டு பிழைப்புகள் அமைந்தன. முதலாவது பதினெட்டு வருடம் ஓடியது. அரசாங்க அலுவலக வாசலில் கிழிந்த குடை, அதன் கீழே ஒரு மர மேசை, நீல மை, மைப்பெட்டி. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல மனு எழுதிக் கொடுப்பார். நிலத் தகராறு, காணாமல் போன அண்ணன், கைநீட்டும் மருமகன் என்று எதற்கும் அவரிடம் தயாராக ஒரு வாசகம் இருந்தது. நாக்குதான் கொஞ்சம் நீளம். அழுதுகொண்டே கதை சொல்ல ஆரம்பித்தால், "அழுகையை வீட்டுல வச்சிட்டு வா, எனக்குத் தேதி சொல்லு" என்பார்.

இரண்டாவது பிழைப்பு, அமெரிக்கர்கள் கிளம்பி ஆட்சி மாறிய பிறகு வந்தது. அமெரிக்கப் பட்டாளத்தோடு மலை மலையாகச் சுற்றிய மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் வீடு மாற்றி வீடு ஒளிந்துகொண்டிருந்த காலம். விமான நிலையத்தில் முண்டியடித்து ஏறியவர்கள் ஏறிவிட்டார்கள். ஏற முடியாதவர்களுக்கு அமெரிக்க விசா விண்ணப்பம் ஒன்றுதான் மிச்சம். ஷிரின் ஆகா குடையை மடக்கிவிட்டு, கோட்டே சங்கி வட்டாரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மரத்தூள் போட்டு எரிக்கும் அடுப்பு.

வருகிறவர்கள் இங்கிலீஷில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். குண்டு விழும் இடத்தில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னவர்கள். ஆனால் விண்ணப்பத்தின் முன்னால் உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள், மேலதிகாரியின் கடிதத்தில் என்னென்ன இருந்தே தீர வேண்டும், அமெரிக்காவுக்குத் திரும்பி வீட்டுத் தரகு பார்த்துக்கொண்டிருக்கும் பழைய கேப்டனை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதெல்லாம் ஷிரின் ஆகாவுக்கு அத்துப்படி. "என் உயிருக்கு ஆபத்து" என்று யாராவது எழுதி வந்தால் கிழித்துப் போடுவார். "காபூல்ல யார் உயிருக்கு ஆபத்து இல்ல? எந்தத் தேதி, எத்தனை மணி, கதவைத் தட்டினவன் யாரு, அதை எழுது." அனுப்பி முடித்ததும் கையிலிருக்கும் நகல்களை அடுப்பில் போட்டுவிடுவார். எந்தப் பட்டாளத்திலும் வேலை பார்க்காததால் அவருக்கென்று எழுத ஒரு விண்ணப்பமும் இல்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவரிடம் ஆட்கள் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஊரில் ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் தன் மனைவியின் பெயரைச் சொல்ல மாட்டான். 'வீட்டில்', 'பிள்ளைகளின் தாய்' என்று சொல்லி நகர்ந்துவிடுவான். கல்யாண அழைப்பிதழில்கூட மணப்பெண் இன்னாரின் மகள்தான். ஷிரின் ஆகாவின் மனைவி பெயர் அவர் அடுத்த வீட்டுக்காரருக்கு முப்பது வருடமாகத் தெரியாது. ஆனால் விண்ணப்பம் வெட்கமில்லாமல் கேட்கும்: மனைவியின் பெயர், மனைவியின் தாய் பெயர், கல்யாணத்துக்கு முன்னால் என்ன பெயர். அந்தப் பக்கம் வந்ததும் ஷிரின் ஆகா கம்ப்யூட்டரை ஆளிடம் தள்ளிவிட்டு, தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவரில் ஒரு டயர் கம்பெனிக் காலண்டர். அந்த ஆளே பெயரை அடித்து, பெண்களின் தாள்களைத் தானே ஸ்கேன் செய்து, "முடிஞ்சுது ஆகா சாஹிப்" என்று சொன்னால்தான் திரும்புவார். இருநூறு குடும்பங்களுக்கு மேல் எழுதியிருப்பார். ஒரு பெண்ணின் பெயரும் அவர் கண்ணில் பட்டதில்லை. ஊரில் இதைப் பெருமையாகச் சொன்னார்கள். அவரும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ரஹ்ம்தில் வந்தது பனி விழுந்த ஒரு காலையில். லோகர் மாகாணத்துக்காரன், பட்டாளத்தோடு ஏழு வருடம் இருந்தவன். அவனுக்கு வைத்த குண்டில் அவன் அண்ணன் போய்ச் சேர்ந்தான்; அன்றைக்கு ரஹ்ம்திலின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனது அண்ணன். அவர்கள் வழக்கப்படி அண்ணன் மனைவியை ரஹ்ம்தில் நிக்காஹ் செய்துகொண்டான். ஏற்கெனவே ஒரு மனைவி, மூன்று பையன்கள். இப்போது அண்ணன் மனைவியும் அவள் பெண்ணும் சேர்ந்தார்கள். ஓரகத்தியாக இருந்தவள் சக்களத்தியானாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

ரஹ்ம்திலின் கடிதங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. பெண்கள் பக்கம் வந்தது. ஷிரின் ஆகா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காலண்டரில் அந்த மாதத்து வெள்ளிக்கிழமைகளை இரண்டு தடவை எண்ணியும் ரஹ்ம்தில் முடிக்கவில்லை.

"என்னப்பா, பேர் எழுதறியா, பேரே வைக்கறியா?" என்றார் சுவரிடம்.

"முடிஞ்சுது ஆகா சாஹிப்" என்றான் ரஹ்ம்தில் கடைசியில். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதைப் படித்த ஷிரின் ஆகாவுக்குக் காது சுட்டது. விண்ணப்பதாரர் ரஹ்ம்தில், மகன்கள் மூவர். மனைவி என்ற இடம் காலியாக இருக்கிறது. பையன்களின் தாய் எங்கே? கூடவே பெயர் கொடுத்திருக்கும் பதினோரு வயதுப் பெண் உங்களுக்கு என்ன உறவு? முப்பது நாளுக்குள் அத்தாட்சிகளோடு பதில் வேண்டும்.

ரஹ்ம்திலுக்கு ஆள் அனுப்பினார். அவன் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"எருமை! பேரே எழுதலியா நீ?"

"எழுதல."

"ஏன்?"

"ஒரு இடம்தான் இருந்துது. ரெண்டு பேர் இருக்காங்க."

"அதுக்கு?"

"ஒருத்தியை எழுதி ஒருத்தியை விட்டா, நாளைக்கு அல்லாவுக்கு என்ன பதில் சொல்றது? ரெண்டு பேரையும் எழுதல. நியாயம்னா நியாயம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "பொம்பளைங்க பேரை எழுதலேன்னா எந்த ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்களே, ஆகா சாஹிப். ஆம்பளை பேர் இருந்தா வீட்டார் கூட வருவாங்கன்னு தெரிஞ்சுக்குவாங்க. ரேஷன்ல அப்படித்தானே? பஸ்ல அப்படித்தானே?"

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கக் கூடாது என்று பார்த்தவன், இரண்டு கண்ணிலும் சுண்ணாம்பை வைத்துவிட்டான். ஷிரின் ஆகாவுக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் தான் திரும்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே சரி செய்திருக்கலாம். தன் மரியாதைமேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்று விளக்கினார். மூத்தவள், அதாவது முதல் மனைவி, உயிரோடு, மனைவியாக இருக்கும்வரை இளையவளான அண்ணன் மனைவியின் நிக்காஹ் செல்லாது. இளையவளைக் கூட்டிப் போக வேண்டுமானால் மூத்தவளைத் தள்ளிவைத்த தாள் வேண்டும், பிறகு இளையவளோடு புதிதாக ஒரு நிக்காஹ் எழுத வேண்டும். ரஹ்ம்தில் எழுந்து நின்றான். லோகர் பக்கத்தில் ஒருவனைக் கொலைகாரன் என்று திட்டினால்கூடச் சிரித்துக்கொண்டு போவான். பெண்டாட்டியைத் தள்ளிவைத்தவனே என்று திட்டினால் கத்தி எடுப்பான்.

"அந்த வார்த்தை என் வாயில வராது. நாங்க இங்கேயே சாகறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நான்காம் நாள் இரண்டு பெண்கள் வந்தார்கள், நீல அங்கியில் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு. ஆண் துணை இல்லாமல் வெளியே வரக் கூடாது என்பதால் அடுத்த வீட்டுக் கிழவர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். கிழவருக்குக் காது கேட்காது. ஸ்டுடியோ வாசலில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பின்னறைக்கு வந்தார்கள்.

"லாலா, நாங்க ரஹ்ம்தில் வீட்டுலேந்து வர்றோம்" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள் குரல் கனத்தவள். அவள்தான் மூத்தவள். "நாலு நாளா அவருக்கு ரொட்டி இறங்கல. கேட்டா வாயைத் திறக்கல. ராத்திரி பூரா நான்தான் பிடுங்கி எடுத்தேன். என்ன விஷயம்னு நீங்க சரியாச் சொல்லுங்க."

"இதுல நான் என்ன சொல்றது, ஹம்ஷீரா?" எந்தப் பெண்ணையும் அவர் சகோதரி என்ற அந்த வார்த்தையால்தான் கூப்பிடுவார். "எனக்குத் தெரிஞ்ச கணக்கைச் சொல்றேன். மூத்தவங்க பேர் எழுதினா அவரு, நீங்க, மூணு பசங்க, அஞ்சு பேர் போகலாம். இவங்களும் பொண்ணும் இங்க நிக்கணும். அம்மா பேர் இல்லாம பொண்ணு பேர் சேராது. இவங்க பேர் எழுதினா பசங்க அவரோட பசங்கங்கறதால போயிடுவாங்க, பொண்ணும் போயிடும். ஆறு பேர். நீங்க மட்டும்தான் நிப்பீங்க."

"அப்புறமா என்னைக் கூப்பிட்டுக்க முடியாதா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தார். "முடியாது. தாள்ல நீங்க அவருக்கு யாரும் இல்ல."

அதுவரை பேசாதிருந்த இளையவள், "அக்கா போகட்டும் லாலா. நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

"நீ சும்மா இருடி!" மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள். "அப்பா வீட்டுக்குப் போவாளாம். போன வாரம் தாடி நரைச்ச ஒருத்தன் உன் பொண்ணைக் கேட்டு ஆள் அனுப்பினானே, அவனுக்கு உங்கப்பா அல்வா கிண்டிக் குடுப்பார். பதினோரு வயசு!"

இளையவள் அழ ஆரம்பித்தாள். மூத்தவள் அவளைத் தேற்றவில்லை. ஷிரின் ஆகாவைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கும் போகணும்தான் லாலா. இல்லேன்னு சொன்னா பொய். இவ என் வீட்டுக்குள்ள வந்தப்ப ஒரு வருஷம் இவகூட நான் பேசல. உப்பு எங்க இருக்குன்னுகூடச் சொல்லல, இவளே தேடி எடுத்துக்கிட்டா. இப்பவும் இவ எனக்குத் தங்கச்சியொண்ணும் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு என் மடியில தூங்கிப் பழகினது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எழுதுங்க. வக்மா. இவ பேர் வக்மா."

ஷிரின் ஆகாவின் முகம் சிவந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில், பிறத்தியார் வீட்டுப் பெண்ணின் பெயரை இவ்வளவு தெளிவாகக் காதால் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. எழுதிக்கொண்டார்.

"பேர் எழுதினா மட்டும் போதாது. உங்களை அவர் தள்ளிவைக்கணும். அவர் மாட்டேங்கறாரே."

"அவர் சாகும்போதும் சொல்ல மாட்டார். லாலா, நான் கேட்டா? எனக்கு இந்தப் புருஷன் வேண்டாம்னு நான் மனு குடுத்தா?"

"குடுக்கலாம். நிக்காஹ்ல அவர் உங்களுக்குத் தர ஒத்துக்கிட்ட மகர் பணத்தை விட்டுக்கொடுத்தா, அவரும் சம்மதிச்சுக் கையெழுத்து போட்டா, முடியும்."

"போடுவார். நான் போட வைப்பேன். தள்ளிவச்சவன்னு ஊர் அவரைச் சொல்லாதில்ல? ஓடிப்போனவள்னு என்னைத்தானே சொல்லும்?"

"உங்களைத்தான் சொல்லும். நீங்க எங்க இருப்பீங்க?"

"அண்ணன் வீடு இருக்கு. அண்ணி தலையில அடிச்சுக்குவா. அடிச்சுக்கட்டும்."

ஷிரின் ஆகா பழைய நீல மையை எடுத்தார். இந்த மாதிரி மனு அவர் குடைக்கடியில் எழுதியது எத்தனையோ; அங்கே பெண்ணின் பெயருக்கு இன்னாரின் மகள் என்று எழுதினாலே போதும். பேனா தானாக ஓடியது. இந்த மனிதர் என்னை அடிக்கிறார், பட்டினி போடுகிறார், என் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறார், இவரோடு வாழ்ந்தால் என் உயிர் நிலைக்காது. முடித்துவிட்டுப் படித்துக் காட்டினார்.

அங்கிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "யாரு, அவரா? பதினாலு வருஷத்துல ஒரு தடவை டீ கிளாஸை வீசினார் லாலா. அதுவும் சுவத்துல பட்டுது. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என் மூஞ்சியையே பாக்கல."

"மனுன்னா இப்படித்தான் எழுதுவாங்க, ஹம்ஷீரா. காரணம் வேணும்."

அவள் தாளின் பக்கம் குனிந்தாள்.

"இந்தத் தாள் அவங்ககூட அங்க போகுமா?"

"போகும். கோப்புல இருக்கும்."

"பசங்க கையில கிடைக்குமா?"

"பெரியவங்களாகிக் கேட்டா கிடைக்கும். அவங்களைப் பத்தின தாள்தானே."

"பெரியவன் இப்பவே நல்லாப் படிப்பான்" என்றாள். பிறகு சொன்னாள்: "அதைக் கிழிச்சிடுங்க லாலா. அவர்மேல ஒரு குறையும் எழுத வேண்டாம். எனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்னு எழுதுங்க. பசங்களுக்குக் கோபம் வந்தா என்மேல வரட்டும். அவங்க அவரோடதானே இருந்தாகணும்?"

ஷிரின் ஆகா கிழித்தார். புதிய தாளில் இரண்டே வரி எழுதினார். எனக்கு இந்த மனிதரோடு வாழ விருப்பமில்லை. மகரை விட்டுக்கொடுக்கிறேன். எழுதும்போது கண் மறைத்தது. ஒரு தடவை நிறுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கீழ உங்க பேர் எழுதணும்" என்றார்.

"தோர்பெகை."

எழுதிவிட்டு மைப்பெட்டியைத் திறந்து முன்னால் வைத்தார். அங்கியின் ஓரத்தை விலக்கி ஒரு கை வந்தது. கட்டை விரலை மையில் தோய்த்து, அவர் காட்டிய இடத்தில் வைத்து, தாள் நகராமல் மறு கையால் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"சரியா விழுந்திருக்கா லாலா?"

"விழுந்திருக்கு, ஹம்ஷீரா."