பிரிக்காத சாரம்

என் அண்ணன் கொடைக்கானலில் ஓட்டல் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். நான் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களோடு மாரடிக்கிறவள். என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாய்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பொங்கலுக்குச் சொந்த ஊரான பண்ணைக்காட்டுக்கு வந்திருந்தேன். சென்னையில் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று அண்ணன் கேட்டார். இத்தனை வருஷமாக யாருக்கும் விளங்கவைக்க முடியாதது அன்றைக்குப் பார்த்துச் சட்டென்று வாய்த்தது. செல்லுக்குள்ளும் சாரம் உண்டு என்றேன். ‘பெருகு’ என்கிற சேதி ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகும். சாரப் பலகையில் ஆட்களை வரிசையாக நிறுத்திச் செங்கல் ஏற்றுகிற மாதிரிதான். அந்தப் புரதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைக்க ஒரு சாரப் புரதம் இருக்கிறது. சில புற்றுநோய்களில் அது அளவுக்கு மீறிப்போய்விடும், சேதியும் ஓயாது. அந்தச் சாரத்தைப் பிரித்துவிட்டால் கட்டி வளர்வது நின்றுவிடும் என்று அளந்துவிட்டேன்.

தட்டில் வளர்க்கிற செல்லில் மட்டும்தான் அப்படி என்பதைச் சொல்லவில்லை. பீற்றிக்கொள்ளும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருகிறது?

அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பிரிக்க எம்புட்டு நேரமாகும்?”

உங்கள் ஆட்கள் பிரிக்கிற மாதிரி அரை நாள் சோலிதான் என்று சிரித்தேன்.

அப்போதே அவர் குடலில் கட்டி இருந்திருக்கிறது. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை. சித்திரையில் மதினி போன் செய்து அழுதபோதுதான் எனக்குத் தெரியும். நான் வந்து சேர்ந்த அன்று, ஈரல்வரை பரவிவிட்டது, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை என்றார் டாக்டர். தேதியை ஏன் தவறவிட்டீர்கள் என்று படுக்கையில் கிடந்தவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவி நான்.

“சீசனுக்கு முன்ன கட்டடத்த முடிக்கணும்னாங்க. நீதான் பிரிச்சு விட்டுருவேல்லன்னு இருந்துட்டேன், பாப்பா. அரை நாளுன்னியே.”

அப்படி ஒரு மருந்தே மனிதருக்கு இன்னும் வரவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எப்போது பிரிப்பாய் என்று கேட்டார். வெரசா பிரித்துவிடலாம் என்றேன். ஆடி பிறக்கும் முன்பே போய்விட்டார்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே அவர் கடைசியாகக் கட்டிய சாரம் அப்படியே நிற்கிறது. வேலை பாதியில் நின்ற கட்டடம், பிரிக்க ஆள் வரவில்லை. பஸ் அந்த வளைவில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். சென்னையிலும் விட்டபாடில்லை. தட்டில் சாரத்தைப் பிரிக்கிறேன், செல்கள் அடங்குகின்றன, கையுறையைக் கழற்றுகிறேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கிறது.

“முடிஞ்சிருச்சா, பாப்பா?”

திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. முடிந்துவிட்டது அண்ணே என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.