மறதி என்று எழுதவிடாத நாள்

கிளினிக்கில் ஆராய்ச்சிக்கென்று கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை கேள்விப் படிவத்தோடு வந்திருந்தாள். என் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு; அதனால் ஏற்கெனவே ஒரு கால்விரலை வெட்டியாயிற்று. காலும் போய்விடுமோ என்று எனக்கு எந்நேரமும் பயம்.

"மருந்துக் குளிசை ஒழுங்கா எடுக்கிறாரா அக்கா?"

"கடலுக்குப் போற நாளில எடுக்கமாட்டார் மிஸ். வெறும் தேத்தண்ணியோட போறவர், கரைக்கு வந்துதான் சாப்பிடுவார். சாப்பிடாம குளிசை எடுத்தா நடுங்கும். தண்ணிக்குள்ள விழுந்தா நீங்களா தூக்குவீங்க?"

"அப்பிடி எழுத இதில இடமில்ல. மறதியெண்டு போடுறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனையைப் பறித்தேன். இதற்காகக் கிளினிக்கில் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்றும் நினைத்தேன். ஆனாலும் ஐந்தாம் வகுப்போடு நின்ற என் எழுத்தில், படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்: "இவர் மறக்கவில்லை. வெறும் வயிறு."