மகள் அனுப்பிய கறுப்புத் தட்டு

பழைய இசைத்தட்டு விற்பவள் தனக்குப் பிடித்ததைக் கடையில் ஓட விடக் கூடாது, வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். கடை வைத்துத் தவிக்கும் யாருக்கும் இது தெரியும்.

பிரான்சில், லியோன் நகரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு ராக் இசைத்தட்டு அனுப்பினாள். கறுப்பு அட்டை. "முழுசா கேளும்மா, அப்புறம் பேசலாம்" என்று ஒரு வரி. எங்கள் தொலைபேசிப் பேச்சு குளிரையும் சாப்பாட்டையும் தாண்டிப் பல வருடங்கள் ஆகின்றன. அதனால் விதியை மீறி, அதைக் கடையிலேயே ஓட விட்டேன்.

மணி

முதல் பாட்டில் ஒரு மணி விட்டு விட்டு ஒலிக்கும். அடியில் கிதார் உறுமும். எதிர்வீட்டு பிலோமினா முக்காடு போட்டுக்கொண்டு, சிலுவை வரைந்தபடி ஓடிவந்தாள். கோயிலில் துக்க மணி அடிப்பதாக நினைத்துவிட்டாள்.

"யாரு போயிட்டாங்கக்கா?"

சுற்றும் தட்டைக் காட்டினேன். சிறிது நேரம் நின்று கேட்டாள்.

"செத்தவனே எழுந்து பாடுறான் போல. எனக்கு சோறு வடிக்கணும், வரேன்."

அட்டை

சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குரலைத் தணித்துக் கேட்டாள்:

"ஆன்ட்டி, உள்ள இருக்கறத நீங்களே வச்சுக்கிட்டு கவர மட்டும் குடுப்பீங்களா?"

சொல்தா

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். அக்கார்டியன் தட்டு தேடி வரும் ஒருவர், ஒரு பக்கம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். பாடகன் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த இடத்தில் தொப்பியைக் கழற்றினார்.

"மதாம், இந்தப் புள்ளைக்கு என்னா கொறைன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

மூச்சு

ஒரு மழைப் பிற்பகல். யாரும் வரவில்லை. இரண்டு பக்கமும் கேட்டேன். தனித்தனிப் பாட்டுகள் இல்லை அவை. ஒரே வீட்டின் அறைகள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது. கடைசிப் பாட்டில் டிரம் நின்று, கிதார்கள் ஒவ்வொன்றாக விலகி, குரல் மட்டும் மிஞ்சுகிறது. அவன் மூச்சை இழுக்கிறான். அடுத்த வரி வரவில்லை. முள் உரசும் சத்தம்தான்.

உடனே மகளுக்குப் போன் செய்தேன். "மூச்சு இழுத்துட்டு பாடாமயே வுட்டுட்டானே, என்னடி சொல்ல வந்தான்?"

சின்ன வயதில் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"தெரியலம்மா. நானும் தெனம் உங்கிட்ட பேச வந்து அங்கதான் நிக்கிறேன்."

இப்போது அந்தத் தட்டின் மேல் 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இதுவரை அதை யாரும் விலை கேட்டதும் இல்லை.